கரையில் தெரியாத காற்று: ஈஸ்டர்ன் பேயில் கவிழ்ந்த ஒரு கயாக் – நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செசபீக் விரிகுடா இருக்கிறது. அதன் கிழக்குக் கிளையான ஈஸ்டர்ன் பேயில், அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் மீன் பிடிக்கப் போன இரண்டு பேரில் ஒருவர் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தார். இருவரும் பிழைத்தார்கள். இருவருமே எங்கள் சிறிய தூண்டில் வட்டத்தைச் சேர்ந்த தமிழர்கள். அன்று அவர்களுடைய பயண விவரத்தை வைத்துக்கொண்டு கரையில் இருந்தவன் நான். அடுத்த வாரம் இருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டு, ஜிபிஎஸ் பதிவையும் பார்த்து இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். அதனால் ஒருவரை மூத்தவர் என்றும் மற்றவரை இளையவர் என்றும் குறிப்பிடுகிறேன்.

இடமும் பருவமும்

செசபீக் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளம். ஆனால் சராசரி ஆழம் 21 அடிதான். இப்படி நீளமான, ஆழமில்லாத நீரில் காற்று அடித்தால் அலை உயரமாக வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கி வரும். பெரிய படகுக்கு அது வெறும் குலுக்கல். பன்னிரண்டு அடிக் கயாக் ஓர் அலையிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்த அலை வந்துவிடும்.

கென்ட் தீவின் தென்கிழக்குக் கரையில் ரோமன்கோக் என்ற இடத்தில் மீன்பிடிப் பாலம் ஒன்று நீருக்குள் நீண்டு நிற்கிறது. பக்கத்திலேயே கயாக் இறக்கவும் வசதி உண்டு. அங்கிருந்து தென்கிழக்கே ஈஸ்டர்ன் பேயைக் கடந்தால் எதிர்க்கரையில் கிளைபோர்ன். நீர்வழியில் ஆறேழு கிலோமீட்டர். செசபீக்கைக் கடக்கும் பே பிரிட்ஜ் என்ற சாலைப் பாலம் திறந்த 1952 வரை இந்த இரண்டு ஊருக்கும் நடுவே கார்களை ஏற்றிக்கொண்டு படகு ஓடியது. இப்போது சாலையில் சுற்றித்தான் போக வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

இலையுதிர்காலம் இங்கே தூண்டில்காரர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் பருவம். நீர் குளிரக் குளிர ஆறுகளில் இருந்த சிறுமீன் கூட்டங்கள் விரிகுடாவை நோக்கி இறங்கும். அவற்றைத் துரத்திக்கொண்டு ஸ்ட்ரைப்ட் பாஸ் வரும். உள்ளூரில் அதை ராக்ஃபிஷ் என்பார்கள். கீழே பாஸ் விரட்ட, சிறுமீன் மேலே கொதிக்கும். அதன்மேல் கடற்காகங்கள் விழும். தூரத்தில் பறவை விழுவதைப் பார்த்துவிட்டால் துடுப்பை எடுக்காமல் யாராலும் இருக்க முடியாது. அன்றைய நிகழ்வில் பாதிக்கு இந்தப் பறவைகளே காரணம்.

இந்த மீனை லேசான சாமானில் பிடிப்பதுதான் இங்கே விரும்பப்படும் முறை. ஏழடிக் கம்பு, சின்ன ரீல், 10 பவுண்டு பின்னல் நரம்பு, அரை அவுன்ஸ் ஈயத்தலையில் ரப்பர் மீன். மீனின் ஒவ்வொரு உதறலும் கையில் தெரியும். எனக்கும் இதுதான் பிடிக்கும். அதனாலேயே, காற்று நாளில் இந்தச் சாமான் என்ன செய்யும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இருவரும் அவர்களின் தயாரிப்பும்

மூத்தவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல். எட்டு ஆண்டுகளாக இந்த நீரில் கயாக் ஓட்டுகிறார். அன்று இடுப்புப் பட்டையை இறுக்கிய ரப்பர் காலுடையும், நீர் புகாத மேல்சட்டையும், மிதவை ஜாக்கெட்டும் போட்டிருந்தார். ஜாக்கெட்டின் தோளில், படகுகளோடும் காவல்படையோடும் பேசும் கையடக்க விஎச்எஃப் ரேடியோ. படகு காற்றோடு மிதந்துபோகும் வேகத்தைக் குறைக்க நீரில் விரிக்கும் துணிப்பை ஒன்று அவரிடம் உண்டு. அன்று அது காரிலேயே இருந்துவிட்டது.

இளையவருக்கு முப்பது. தூத்துக்குடிப் பக்கம். கயாக் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நன்றாக நீந்துவார். அன்று ஜீன்ஸும் பருத்தி ஹூடியும் அணிந்திருந்தார். மிதவை ஜாக்கெட் இருந்தது, ஆனால் தூண்டில் வீசும்போது கை இடிக்கிறது என்று பக்கவாட்டுப் பட்டைகளைத் தளர்த்தி வைத்திருந்தார். துடுப்பைப் படகோடு கட்டும் கயிறு இல்லை. ஃபோன் நீர்ப்பைக்குள் இருந்தது.

மேரிலாந்தில் பெரியவர்கள் மிதவை ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தாலே போதும், அணிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கயாக்கில் அணிந்தே ஆக வேண்டும். இளையவர் அன்று பட்டை தளர்வாக இருந்தாலும் அணிந்திருந்தார். அதனால்தான் இந்தக் கட்டுரையை இப்படி எழுத முடிகிறது.

முந்தைய இரவும் விடியலும்

வெள்ளி இரவு ஒரு குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, அந்தப் பகுதியைக் கடந்துபோனது. முகப்பு கடந்தபின் இங்கே காற்று வடமேற்கிலிருந்து வீசும். வெள்ளி மாலை மூத்தவர் பார்த்த கடல் வானிலை அறிக்கை, காலையில் வடமேற்குக் காற்று 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), அவ்வப்போது 15 என்றது. கயாக்குக்கு அது எல்லைக்கோட்டில் இருக்கும் அளவு. "காலையில் சீக்கிரம் போய் பதினொன்றுக்குள் வந்துவிடலாம்" என்று முடிவு செய்தார்கள். எனக்கு வந்த செய்தியும் அதுதான்: ரோமன்கோக், இரண்டு கயாக், 11 மணிக்குக் கரை.

சனி விடியற்காலையில் அந்த அறிக்கை மாறியிருந்தது. 15 நாட், திடீர்க் காற்றுவீச்சு 25 வரை, காலை 9 மணியிலிருந்து சிறுபடகு எச்சரிக்கை. இந்தப் பகுதியில் 18 நாட்டைத் தொட்டாலே அந்த எச்சரிக்கை போடுவார்கள். இருவரும் அதைப் பார்க்கவில்லை. இரவே பார்த்தாயிற்று என்ற நினைப்பு.

குளிரைப் பற்றியும் கணக்குப் போட்டிருந்தார்கள். காற்றின் வெப்பமும் நீரின் வெப்பமும் சேர்ந்து ஃபாரன்ஹீட்டில் 120க்கு மேல் இருந்தால் தனியுடை வேண்டாம் என்று ஒரு பழைய கைக்கணக்கு துடுப்பாளர்களிடையே உலவுகிறது. நீர் 62 டிகிரி, அன்றைய அதிகபட்ச வெப்பம் 64 என்று அறிக்கை சொன்னது. கூட்டினால் 126, சரி என்று இளையவர் விட்டுவிட்டார். ஆனால் அந்த 64 பிற்பகலுக்கானது. இறங்கும்போது காற்று 48 டிகிரிதான், கூட்டினால் 110. போகட்டும், அந்தக் கணக்கே நம்பத்தக்கது அல்ல. வெளியே வெயில் அடிப்பதால் தண்ணீருக்குள் இருப்பவனுக்கு எந்த உதவியும் இல்லை. நீரின் வெப்பத்தை மட்டும் பார்த்து உடுத்த வேண்டும்.

7:20க்கு இறங்கினார்கள். கரையோரம் தண்ணீர் அசையவே இல்லை. வடமேற்கே தீவு முழுக்க நின்று காற்றை மறைத்தது. அங்கே அவர்கள் கண்ணில் இரண்டு அடையாளங்கள் பட்டிருந்தன. இரண்டையும் பிறகு அவர்களே என்னிடம் சொன்னார்கள். ஒன்று, வாகன நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்த மரங்கள். அடிக்கிளை அசையவில்லை, உச்சி மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்துகொண்டிருந்தது. இரண்டு, தண்ணீர் வழக்கத்தைவிட ஓர் அடி போல இறங்கிக் கிடந்தது. கயாக்கைச் சேற்றில் இழுத்துத்தான் இறக்கினார்கள். இங்கே ஏற்ற இறக்கமே ஓர் அடிக்கு ஒட்டித்தான். அதற்கும் கீழே நீர் போயிருந்தால், இரவெல்லாம் பலத்த வடமேற்குக் காற்று விரிகுடாவின் நீரைத் தெற்கே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம்.

இளையவர் அந்த மரங்களைக் காட்டிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மேல காத்து இருக்கே?" மூத்தவர், "கரைக்காத்துதான் தம்பி, அலை இருக்காது" என்றார். சொன்னது பொய்யில்லை. கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் கரைக்காற்றில் கரையோரம் அலை இருக்காதுதான்.

இளையவருக்கு அந்தச் சொல் வேறொரு தைரியத்தையும் கொடுத்துவிட்டது. அவருடைய ஊரில் விடியலில் கரைக்காற்றைப் பிடித்துப் பாய்மரத்தில் கடலுக்குப் போய், மதியம் கடல்காற்றில் திரும்பி வந்த கதைகளைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். காற்று எப்படியும் மாறும், மாறினால் அதுவே நம்மைக் கரைக்குத் தள்ளும் என்று மனதில் ஓர் எண்ணம். குளிர்முகப்புக்குப் பின்னால் வரும் காற்று அந்த வகை அல்ல. நிலமும் கடலும் மாறி மாறிச் சூடாவதால் பிறக்கும் காற்று பகலில் திசை மாறும். இது நூற்றுக்கணக்கான மைலுக்குப் பரந்த குளிர்காற்றின் ஓட்டம், ஒரு பகலில் திரும்பாது. வெயில் ஏறினால் மேலடுக்கில் இருக்கும் வேகமான காற்றும் கீழே இறங்கிக் கலக்கும். அதனால் ஒன்பது, பத்து மணிக்கு மேல் இன்னும் கூடத்தான் செய்யும்.

முதல் இரண்டு மணி நேரம்

கரையிலிருந்து அரை மைலில், 22 அடி ஆழத்தில் முதல் மீன்கள் கிடைத்தன. எல்லாம் சிறியவை. 2024 முதல் இங்கே 19இலிருந்து 24 அங்குலத்துக்குள் இருப்பதைத்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஒருவருக்கு நாளுக்கு ஒன்று. எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள்.

தீவின் மறைவு அந்த இடத்தோடு முடிகிறது. எட்டு மணிக்கு மேல் காற்று முதுகில் படத் தொடங்கியது. முதலில் மாறியது தூண்டில். அரை அவுன்ஸ் ஈயம் அடியைத் தொடவில்லை. படகு காற்றோடு ஓட, நரம்பு பின்னால் வில்லாக வளைந்து மிதந்தது. எங்கே ஈயம், எங்கே தரை என்று கைக்குத் தெரியவில்லை. மூத்தவர் ஒரு அவுன்ஸுக்கு மாற்றினார். இளையவரின் கம்பு முக்கால் அவுன்ஸுக்கு மேல் தாங்காது. அவர் நரம்பை இன்னும் விட்டார். நாற்பது அடி, அறுபது அடி. மீன் கடித்தபோது அது படகின் அடியில் இல்லை, எங்கோ பின்னால் இருந்தது.

ஈயம் தரையைத் தொடாவிட்டால் படகு வேகமாக ஓடுகிறது என்று பொருள். காற்றுமானி இல்லாதவனுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. அன்று இருவரும் இதைத் தூண்டிலில் உள்ள சிக்கல் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஜிபிஎஸ் பதிவில் அந்த நேரத்து மிதவை வேகம் மணிக்கு 1.4 மைல். துடுப்புப் போடாமலேயே.

8:40க்குப் பறவைகள் தெரிந்தன. தென்கிழக்கே, காற்று போகும் பக்கம். போய்ச் சேர்ந்ததும் இரண்டு வீச்சில் இரண்டு மீன். அப்புறம் கூட்டம் அமிழ்ந்து, இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளி எழுந்தது. மறுபடி போனார்கள். இப்படி நான்கு தடவை. நான்கும் ஒரே திசையில். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது துடுப்பு கனக்காது, அலையும் கூடவே ஓடுவதால் சின்னதாகத் தெரியும், காதில் இரைச்சலும் குறையும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று உடம்பு சொல்லாது.

9:25க்கு மூத்தவர் மீன்காட்டித் திரையிலிருந்து தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தார். ரோமன்கோக் பாலம் ஒரு கோடாகத் தெரிந்தது. சுற்றிலும் வெண்நுரை. கயாக்கைத் திருப்பிக் காற்றுக்கு எதிரே பத்து வலி வலித்துப் பார்த்தார். ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றார். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 10 நாட்டில் சமாளித்தவர் 20 நாட்டில் சமாளிப்பார் என்று இதனால்தான் சொல்ல முடியாது.

"தம்பி, போதும். திரும்பு."

"ஒரு நிமிஷம்ணா, பெருசு மாட்டிருக்கு."

கவிழ்ந்தது

அந்த ஒரு நிமிஷம் ஒன்பது நிமிஷம் ஆனது. லேசான சாமானில் பெரிய மீனை அவசரப்படுத்த முடியாது. இழுத்தால் நரம்பு அறும், விட்டால் ஓடும். அத்தனை நேரமும் கையில் கம்பு, மடியில் துடுப்பு. துடுப்பு நீரில் இல்லாத கயாக் தானாகவே அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். அந்த ஒன்பது நிமிஷத்தில் மட்டும் இன்னும் கால் மைலுக்கு மேல் தள்ளப்பட்டிருக்கிறார்கள்.

மீன் 28 அங்குலம் இருக்கும் என்றார் இளையவர். வைத்துக்கொள்ள முடியாத அளவு, விட்டாக வேண்டும். படகு காற்றோடு போவதால் மீன் காற்று வரும் பக்கத்தில் கிடந்தது. முள்ளைக் கழற்ற அந்தப் பக்கம் குனிந்தார். அலை அந்தப் பக்கத்தைத் தூக்கியது, அவர் உடம்பால் ஈடு கொடுத்தார். அலை அடியில் கடந்துபோனதும் அதே பக்கம் பள்ளத்தில் இறங்கியது. எடை முழுக்க அங்கே இருந்தது. 9:42.

தண்ணீர் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது என்றார். வாய் நீருக்கு மேலே இருந்தது ஜாக்கெட்டால்தான், ஆனால் தளர்ந்த ஜாக்கெட் மேலேறி முகவாயில் முட்டி, பக்கவாட்டில் எதையும் பார்க்க விடவில்லை. ஒரு கை கவிழ்ந்த கயாக்கின் ஓரத்தைப் பிடித்திருந்தது. அப்போது கம்பு நீரில் அமிழ்வதைப் பார்த்தார். மனைவி பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. கையை விட்டுக் கம்பை எட்டினார்.

இரண்டு விநாடிதான். கம்பு கிடைக்கவில்லை. திரும்பியபோது கயாக் பதினைந்து அடி தள்ளிப் போயிருந்தது. ஆளில்லாத கயாக்கைக் காற்று இலை மாதிரி கொண்டுபோகும். நனைந்த ஜீன்ஸோடு யாராலும் அதை நீந்திப் பிடிக்க முடியாது. அவரும் முயன்று பார்த்து, நல்ல வேளையாக இருபது கை வீசியதும் நிறுத்திக்கொண்டார்.

மீட்பு

மூத்தவர் எண்பது மீட்டர் தள்ளி இருந்தார். அங்கிருந்து அவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் எனக்குச் சரியாகப் படுகின்றன. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கயாக்கைத் துரத்தாமல் ஆளிடம் போனார். பலருக்கு முதல் உந்துதல் ஓடும் படகைப் பிடித்து வருவதுதான். இந்த அலையில் படகைப் பிடித்து, இழுத்துக்கொண்டு காற்றுக்கு எதிரே வருவது நடக்காது. அதற்குள் தண்ணீரில் இருக்கும் ஆளின் தலையே அலைகளுக்கு நடுவே தொலைந்துபோகும்.

அடுத்து, கிட்டப் போனதும் அவரைத் தொடுவதற்கு முன் ரேடியோவை எடுத்தார். அவசர அழைப்புக்கான பதினாறாவது சானல். அவசரம், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்பதைக் குறிக்கும் "பான்-பான்" அழைப்பை மூன்று முறை சொல்லி, இரண்டு கயாக், ஒருவர் தண்ணீரில், ரோமன்கோக் பாலத்துக்குத் தென்கிழக்கே இரண்டு மைல் என்றார். ஆளில்லாமல் ஓடும் பச்சைக் கயாக் எங்களுடையது, அதில் யாரும் இல்லை என்பதையும் சேர்த்தார். கடலோரக் காவல்படை உடனே பதில் தந்தது. குளிர்நீரில் படகும் இல்லாமல் ஒருவர் கிடந்தால் அது, உயிருக்கு உடனடி ஆபத்து என்னும் "மேடே" அழைப்பைச் சொல்லவேண்டிய நிலை என்பது என் கருத்து. ஆனால் அவர் கூப்பிட்ட வேகத்தில் எந்தக் குறையும் இல்லை.

ஃபோன் வழியாகக் கூப்பிட்டிருக்கலாமே என்று பின்னர் ஒருவர் கேட்டார். இளையவர் முயன்றிருக்கிறார். கழுத்தில் தொங்கிய நீர்ப்பையின் மேல் ஈரம், விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. திரை விரலை அறியவே இல்லை. நான்கு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இன்னொன்றும் உண்டு. ஃபோன் ஒருவரை மட்டும்தான் கூப்பிடும், ரேடியோ சுற்றியிருக்கிற அத்தனை படகையும் கூப்பிடும்.

மூன்றாவது, உடம்பை நீரிலிருந்து வெளியே எடுப்பது. இரண்டு பேர் ஒரே கயாக்கில் உட்கார்ந்தால் அதுவும் கவிழும். மூத்தவர் பின்பக்கச் சாமான் குழியைக் காலி செய்து, இளையவரை அதன்மேல் குப்புறப் படுக்கச் சொன்னார். மார்பும் வயிறும் படகின்மேல், கால்கள் நீரில். ஏறுவதற்கு மூன்று முயற்சி ஆனது. மூன்றாவது முயற்சிக்குள் கை இறுகிப் போய்விட்டது என்றார் இளையவர். குளிர்நீரில் முதலில் மூச்சு திணறும், அப்புறம் கை கால் வேலை செய்யாது, உடல் வெப்பம் இறங்குவது அதற்கும் பிறகுதான். நாம் பயப்படுவது மூன்றாவதற்கு. ஆளைக் கொல்வது பெரும்பாலும் முதல் இரண்டு.

நான்காவது, ரோமன்கோக்கை மறந்துவிட்டு முகப்பைக் காற்று போகும் பக்கம் திருப்பி, கிளைபோர்னை நோக்கி மெல்ல வலித்தார். உதவி வராவிட்டாலும் அந்தக் கரைக்குக் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

10:05க்கு ஒரு மீன்பிடி மோட்டார் படகு வந்தது. ரேடியோவில் கேட்டுத் திரும்பியவர்கள். இளையவரை முதலில் ஏற்றி, ஈர உடையைக் கழற்றி, தங்கள் மேல்கோட்டுகளால் சுற்றிப் படுக்க வைத்தார்கள். கையையும் காலையும் யாரும் தேய்க்கவில்லை. அதுதான் சரி. இளையவர் நன்றி சொல்ல முயன்றும் சொல் குழறியது என்றார் மூத்தவர்.

கரையில்

கிளைபோர்ன் இறங்குதுறையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. உடல் வெப்பம் 95 டிகிரிக்குச் சற்று மேல். அரை மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்து, இனிப்பான சூடான பானம் கொடுத்து, நடுக்கம் அடங்கியதும் விட்டார்கள்.

எனக்கு அழைப்பு வந்தது 10:25க்கு, மோட்டார் படகுக்காரரின் ஃபோனிலிருந்து. அதுவரை எனக்கு எதுவும் தெரியாது. பதினொன்றுக்கு வருவதாகச் சொன்னவர்கள் வராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். மீன் நன்றாகக் கடிக்கிறது போல, வரட்டும் என்று பன்னிரண்டரை வரையாவது இருந்திருப்பேன். பயண விவரத்தில் எத்தனை மணிக்கு வருவோம் என்று இருந்தது. வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று இல்லை. அதைக் கேட்டு வாங்காதது என் தவறு.

உலர்ந்த உடைகளை எடுத்துக்கொண்டு பே பிரிட்ஜைக் கடந்து கிளைபோர்ன் போய்ச் சேர எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இருவரும் துறையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நீருக்கு அந்தப் பக்கம் ரோமன்கோக் மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அவர்களுடைய கார் அங்கே நின்றது.

கயாக்கை இரண்டு நாள் கழித்து, கரையோர வீட்டுக்காரர் ஒருவர் நாணலில் கண்டெடுத்தார். அதில் பெயரோ எண்ணோ இல்லை. காவல்படையிடம் முன்பே சொல்லியிருந்ததால் தேடுதல் தொடங்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால், ஆளில்லாத ஒரு கயாக்கைக் கண்ட உடனே படகும் ஹெலிகாப்டரும் இல்லாத ஆளைத் தேடப் புறப்பட்டிருக்கும்.

எங்கே தவறியது

பலரும் இதைக் கேட்டதும் ஜீன்ஸைத்தான் பிடித்துக்கொண்டார்கள். உடை தவறுதான். ஆனால் உடை சரியாக இருந்திருந்தாலும் அவர் கவிழ்ந்திருப்பார், அதே இடத்தில், அதே நேரத்தில். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. போகலாமா வேண்டாமா என்பதை அவர்கள் இறங்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். கரைக்காற்று அடிக்கும் நாளில் அந்த முழு நீர்ப்பரப்பிலும் மிக அமைதியான இடம் இறங்கும் இடம்தான். திரும்பி வரும் வழியைப் பார்த்திருந்தால் அந்த முடிவு வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, சாமான். லேசான சாமானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காற்று நாளில் அது எல்லாவற்றையும் நீட்டிக்கிறது. ஈயம் இறங்க நேரம், மீன் வர நேரம், முள் கழற்ற நேரம். ஒவ்வொரு நிமிஷமும் தூரமாகிறது. மீனுக்கும் அது நல்லதில்லை. விடுவிக்கும் ஸ்ட்ரைப்ட் பாஸில் நூற்றுக்கு 9 இறப்பதாக வைத்துத்தான் மீன்வளக் கணக்குப் போடுகிறார்கள். எப்படியும் விடப்போகும் மீனை ஒன்பது நிமிஷம் இழுக்காமல், நரம்பை அறுத்து விட்டிருக்கலாம்.

மூன்றாவது, திரும்பும் முடிவை ஒருவர் எடுத்து, மற்றவர் தள்ளிப்போட்டது. மூத்தவர் குரலை உயர்த்தவில்லை. "அவன் சந்தோஷமா இருந்தான், கெடுக்க மனசு வரலை" என்றார். இதை என்னிடம் சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது.

மாற்றியவை

எங்கள் வட்டத்தில் இப்போது கரைக்காற்று 10 நாட்டைத் தாண்டினால் அந்தக் கரையிலிருந்து இறங்குவதில்லை. காற்று நம்மைக் கரைக்குத் தள்ளும் இடமாகத் தேடுகிறோம், இல்லையென்றால் ஓடைக்குள் போகிறோம். வீச்சு 20க்கு மேல் என்றால் எந்தக் கரையிலும் இல்லை. வானிலை அறிக்கையை இறங்குமுன் காருக்குள் உட்கார்ந்து மறுபடி பார்க்கிறோம். காற்று போகும் பக்கம் பறவையைத் துரத்துவதற்கு முன் ஒரு தடவை எதிர்த்து வலித்துப் பார்க்க வேண்டும் என்பதும் வழக்கமாகிவிட்டது. திரும்பு என்று யார் சொன்னாலும், வயதில் இளையவர் சொன்னாலும், கையில் மீன் இருந்தாலும், அறுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஜாக்கெட்டில் கத்தி இருக்கிறது.

நீர் 70 டிகிரிக்குக் கீழே வந்ததும் பருத்தி கிடையாது. ரேடியோ ஆளுக்கு ஒன்று, படகில் அல்ல, உடம்பில். துடுப்புக்குக் கயிறு. கயாக்கின் உள்பக்கம் பெயரும் எண்ணும். பயண விவரத்தின் கடைசி வரி, எத்தனை மணிக்கு அவசர உதவி எண்ணான 911ஐக் கூப்பிடுவது என்பது.

கவிழ்ந்து ஏறும் பயிற்சியும் தொடங்கினோம். இளையவர் நான்கு வாரம் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஐந்தாவது வாரம் அவராகவே ஒரு கையடக்கக் காற்றுமானி வாங்கிக்கொண்டு வந்தார். அன்றும் வடமேற்குக் காற்று. கயாக்கை இறக்கவில்லை. ரோமன்கோக்கில் காரை நிறுத்தி, இறங்கும் இடத்தில் கையை உயர்த்திப் பிடித்தார்: 5 நாட். பிறகு பாலத்தின் நுனிவரை நடந்துபோய்ப் பிடித்தார்: 16. அந்த இரண்டு எண்ணையும் ஃபோனில் படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டார். கீழே எதுவும் எழுதவில்லை.